பிராஜெக்ட் சென்டருக்குப் போகும் முன் நூலகரிடம் போங்கள்

சென்ற மாதம் ஒரு நாள் மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது மஹல்லாவாசி ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மக எம்.ஏ. ரெண்டாம் வருஷம். பிராஜெக்ட் எழுதணுமாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சென்டர்ல எட்டாயிரம் கேக்குறாங்க. எல்லாத்தையும் அவங்களே எழுதி பைண்டிங் போட்டுக் குடுத்துருவாங்களாம். கட்டிரலாமா?" என்று கேட்டார்.

பணம் கட்ட வேண்டாம், மகளை அழைத்து வாருங்கள் என்றோம். மறுநாள் தாய், தந்தை, மகள் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். பொருளாதாரம் படிக்கும் பெண். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் வருமானம் என்பது தலைப்பு. நல்ல தலைப்பு. நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. "கூகுள்ல தேடிட்டேன் ஹஜ்ரத், ஒண்ணுமே வரல. அதான் சென்டர்ல..." என்று இழுத்தது அந்தப் பிள்ளை.

எதுவும் இல்லாமல் இல்லை, தேடும் வழியை யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காக அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள நமக்கும் தகுதி கிடையாது. மதரஸாவில் எந்தக் கிதாபில் எந்தப் பாடத்தில் விஷயம் இருக்கிறது என்று உஸ்தாத் சொல்லிவிடுவார். ஓதி முடித்து பி.ஏ. படிக்கப் போன இடத்தில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மூன்று வருடமும் கல்லூரி நூலகத்தில் நாளிதழ் மட்டும் படித்துவிட்டுத் திரும்பினோம். நூலகரிடம் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயம். பிறகுதான் தெரிந்தது, அவர் பக்கத்து ஊர்க்காரர்!

அன்று நாம் முதலில் திறந்தது சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிறது. கட்டணம் இல்லை. அந்தப் பெண் ஆங்கிலத்தில் 'திருப்பத்தூர் டிஸ்ட்ரிக்ட், லெதர்' என்று தட்டினார். வந்தவை மிகச் சில. திருப்பத்தூர் மாவட்டமே 2019-இல்தான் பிறந்தது. அதற்கு முன் அது வேலூர் மாவட்டம். 1989-க்கு முன் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த வட ஆற்காடு மாவட்டம். முப்பது வருடத்துக்கு முன் ஆய்வு செய்தவர் அன்றைய பெயரைத்தானே எழுதியிருப்பார்? 'வேலூர்', 'நார்த் ஆற்காடு' என்று மாற்றிப் போட்டோம். வாணியம்பாடியை ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தோடும் எழுதுவார்கள், அது இல்லாமலும் எழுதுவார்கள், இரண்டையும் போட்டோம். 'லெதர்' என்பதற்குப் பதில் 'டேனரி', 'ஃபுட்வேர்' என்றும் போட்டோம். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பிள்ளையின் முகம் மாறியதைப் பார்த்து தகப்பனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆய்வேடு கிடைத்தால் கடைசிப் பக்கங்களை முதலில் பாருங்கள். எழுதியவர் எந்தெந்த நூல்களையும் கட்டுரைகளையும் படித்தார் என்ற பட்டியல் அங்கே இருக்கும். ஹதீஸுக்கு ஸனது பார்ப்பதைப் போல, யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று பின்னோக்கிப் போகலாம். ஒரு நல்ல ஆய்வேடு நூறு நூல்களுக்கு வழி காட்டிவிடும்.

அடுத்து கல்லூரி நூலகம். நம் பிள்ளைகள் அலமாரி அலமாரியாக நடந்து பார்த்துவிட்டு "புக் இல்ல" என்று வந்துவிடுகிறார்கள். நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண் எதற்கு என்று கேட்டால் தெரியாது. பல நூலகங்களில் டூயி தசம முறைப்படி நூல்களை அடுக்குகிறார்கள். அதில் பெண் தொழிலாளர் பற்றிய நூல்கள் 331.4-இல் இருக்கும்; தோல் பதனிடுவது பற்றியவை 675-இல், வேறொரு மூலையில் இருக்கும். ஆக, தலைப்பு ஒன்று, அலமாரி இரண்டு. சில நூலகங்களில் எண்ணோடு எழுத்துகளும் கலந்து வரும். அது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் உருவாக்கிய கோலன் முறை. இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நூலகக் கணினியில் ஓபேக் என்ற பட்டியலில் தேடி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த அலமாரியில் இருபுறமும் உள்ள நூல்களையும் புரட்டிப் பார்த்தால் போதும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இனிதான். "பொண்ண சென்னைக்கெல்லாம் அனுப்ப முடியாது ஹஜ்ரத்" என்றார் தாயார். அவசியமும் இல்லை. என்-லிஸ்ட் என்ற திட்டத்தில் கல்லூரி உறுப்பினராக இருந்தால், 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களை மாணவர் வீட்டிலிருந்தே படிக்கலாம். அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கல்லூரி மூலமாகத்தான் வரும். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்று வருடத்துக்கு அரசு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். இவ்வளவு இருந்தும் அந்தப் பெண்ணுக்குக் கடவுச்சொல் இல்லை. கல்லூரியில் கேட்டபோது, "யாரும் வந்து கேக்கலையே" என்றார்களாம். கேட்ட மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. கல்விக் கட்டணம் கட்டும் பெற்றோர் "நூலக லாகின் வாங்கிட்டியா?" என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.

சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. தோல் பற்றியே தேடுவோர் அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி, துறைத்தலைவரின் கடிதத்தோடு அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

எட்டாயிரம் ரூபாய் விஷயத்துக்கு வருவோம். அடுத்தவர் எழுதியதை நம் பெயரில் கொடுப்பது சரியா என்று நாம் இங்கே ஃபத்வா கொடுக்கப் போவதில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். சட்டத்தை மட்டும் சொல்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் முதுகலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். பிற நூல்களோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சென்டர்காரர் நாலு பேருக்கு விற்றதையே ஐந்தாவதாக உங்கள் மகளுக்கும் விற்றால், மாட்டிக்கொள்வது அவர் அல்ல.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் தகப்பனார் மீண்டும் வந்தார். நூலகத்தில் குறிப்பெடுத்த மகள் பக்க எண்ணை எழுத மறந்துவிட்டாராம். அதற்காக இருவரும் இன்னொரு முறை பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறார்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, பக்க எண் நான்கையும் அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பஸ் கட்டணம் மிச்சம்.