தோட்டத்துக்கு வாரிசு யார்?

இங்கிலாந்தில் 1927-ல் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சொந்தத் தோட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் காசு ஊர் ஊராகப் போய் நோயாளிகளைக் கவனித்த நர்ஸுகளுக்குச் சேர்ந்தது. அமெரிக்காவுக்கு அதே யோசனை வந்து சேர அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அங்கே அதற்குப் பின்னால் இருந்த கவலை வேறு: வளர்த்தவர் போய்விட்டால் தோட்டத்தை யார் பார்ப்பது?

கலிஃபோர்னியாவின் வால்நட் கிரீக் ஊரில் ரூத் பான்கிராஃப்ட் என்ற பெண்மணி இருந்தார். கணவர் குடும்பத்துக்குப் பேரிக்காய், வால்நட் தோப்புகள். கள்ளியும் கற்றாழையுமாகத் தொட்டிகளில் சேர்த்துக்கொண்டே போனார் ரூத். வைக்க இடமில்லாமல் போயிற்று. மரங்களை வெட்டிய நிலத்தில் சுமார் மூன்றரை ஏக்கரைக் கணவர் ஒதுக்கிக் கொடுத்தார். 1972-ல் செடிகளைத் தரையில் நட ஆரம்பித்தபோது ரூத்துக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அந்த டிசம்பரிலேயே கடும் உறைபனி. நட்டதில் பெரும்பகுதி அழுகிப்போனது. மறுபடி முதலிலிருந்து நட்டார். அந்த மனசுக்கு என்ன பெயர் சொல்வது!

இன்றைக்கும் குளிர்காலம் வந்தால் அங்கே மென்மையான செடிகளுக்கு மேல் மரச்சட்டம் நிறுத்தி பிளாஸ்டிக் போர்த்துகிறார்கள். குளிரோடு மழையும் சேர்ந்தால் சதைப்பற்றுள்ள தண்டு அழுகிவிடும். வருஷா வருஷம் ஏற்றி இறக்க வேண்டிய கூடாரங்கள் இவை. யாராவது கை வைத்துச் செய்தாக வேண்டும்.

ஃபிராங்க் காபட் என்ற தோட்டப் பிரியர் 1988-ல் இங்கே வந்தார். இந்த அம்மாவுக்குப் பிறகு இது என்ன ஆகும் என்ற கேள்வி அவரை விடவில்லை. பூட்டிப் போட்ட வீடு பத்து வருஷம் கழித்தும் நிற்கும். இரண்டு கோடை கவனிக்காத தோட்டத்தில் களைதான் மிஞ்சும். மறு வருஷமே ‘கார்டன் கன்சர்வன்சி’யைத் தொடங்கினார். அதன் முதல் வேலையே ரூத்தின் தோட்டத்தைக் குடும்பத்தின் கையிலிருந்து லாப நோக்கமில்லாத அமைப்பின் பொறுப்புக்குக் கொண்டுவருவதுதான். பொதுமக்களும் வரத் தொடங்கினார்கள்.

1995-ல் இங்கிலாந்து வழக்கத்தை முன்மாதிரியாக வைத்து ‘ஓப்பன் டேஸ்’ ஆரம்பமானது. வீட்டுக்காரர்கள் குறிப்பிட்ட நாளில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் பாதுகாப்பு வேலைக்குப் போகிறது. அல்காட்ராஸ் சிறைத் தீவில் புதர் மண்டிக் கிடந்த தோட்டங்களை 2003 முதல் மீட்டதிலும் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு.

ரூத் 2017-ல், 109-ஆவது வயதில் காலமானார். தோட்டம் திறந்தே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்கள் நம்மில் நிறையப் பேர். வால்நட் கிரீக் வரை ரயில் போகிறது. ஒரு நாள் ஒதுக்குங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். அடுத்த குளிர்காலத்துக் கூடாரத்துக்கு அந்தப் பணம் உதவும்.