இல்லத்து இசைப்பதிவுக்கு ஏற்ற மென்பொருள்

இசைத்தட்டுக் காலத்தில் பாடுவோர் பதிவு நிலையத்தை நாடிச் செல்லுதல் வழக்கம். 1989ஆம் ஆண்டில் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தோடு ஒரு பதிவகம் அமைத்தார். 'ரோஜா' (1992) பாடல்கள் அங்கு உருவாயின. இன்றோ ராஜகீழ்ப்பாக்கத்து மாணவரொருவர் வீட்டுக் கணினியிலேயே பாட்டைப் பதிந்துகொள்ளலாம். அதற்கு எந்த மென்பொருள் ஏற்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நோக்கத்தை வரையறுத்தல் வேண்டும். ஒற்றைக் குரலைப் பதிய 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி போதும்; அது விலையின்றிக் கிடைப்பது; விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவது. குரல், வயலின், மிருதங்கம் எனப் பல தடங்களைப் பதிந்து இணைப்போர்க்கு ரீப்பர், ஆர்டோர் முதலியன தகும். கேரேஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும்.

நம் இசைக்கு உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. சுருதி திருத்தும் கருவிகள் பல, ஒரு ஸ்தாயியைப் பன்னிரு சமபடிகளாகக் கொண்டு, குரலை அருகிலுள்ள படிக்கு இழுத்து நிறுத்துவன. தோடியின் காந்தார அசைவு அவற்றிற்குப் பிழையாகவே தோன்றும். யாம் ஒருகால் முதியவள் ஒருத்தியின் தாலாட்டை இங்ஙனம் திருத்தி, மூலத்தை அழித்துவிட்டோம். அவள் இன்றில்லை, எம்மிடம் இருப்பது அவள் குரலின் அசைவற்ற நிழலே.

ஆதலின், மூலப்பதிவைத் தொடாது காக்கும் மென்பொருளையே தேர்க. அதனை வேவ் கோப்பாகவும் சேமித்து வைக்க. குறுந்தட்டின் தரத்தில் நிமிடத்திற்குச் சுமார் 10 மெகாபைட் இடமே வேண்டும். மென்பொருள் மறையினும் பாட்டு மறையாது. வேளச்சேரிச் சாலையின் இரைச்சலையோ எம்மென்பொருளும் முற்றும் நீக்காது. அதற்குச் சன்னலை அடைத்தலே வழி.