எம்.டி.எஸ். கிடைக்கவில்லை... எம்.பி.எச். படிக்கலாமா?

பி.டி.எஸ். என்ற நான்கு ஆண்டுப் பல் மருத்துவப் படிப்பு முடிந்து, கட்டாயப் பயிற்சி ஆண்டில், மாணவர்கள் வழக்கில் சொன்னால் சி.ஆர்.ஐ.யாக, துறை துறையாகச் சுற்றிவரும்போதுதான் அந்தக் கவலை பிடித்துக்கொள்கிறது. ஆர்த்தோ கிடைக்குமா? எண்டோ கிடைக்குமா? ஒன்றுமே கிடைக்காவிட்டால்? பல் மருத்துவ முதுகலைக்கான நீட் எம்.டி.எஸ். ரேங்க் வந்ததும் பலருக்கு இரண்டே வழிதான் தெரிகிறது. ஒன்று, இன்னும் ஒரு வருடம் கோச்சிங். மற்றொன்று, 'சும்மா இருப்பானேன், அதற்குள் ஒரு எம்.பி.எச். முடித்துவிட்டால் ப்ரொஃபைலாவது பலமாகும்' என்ற யோசனை. எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைக்குப் பதிலாக எம்.பி.ஏ., மருத்துவமனை நிர்வாகம், வெளிநாட்டில் ஒரு எம்.எஸ். என்று யோசிப்பவர்களும் உண்டு.

இப்படிச் சேர்த்துக்கொள்ளும் பட்டம் சிறப்புப் படிப்புக்கு உண்மையிலேயே உதவுமா? பதில் நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை மாறும். ஆனால் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைத் திட்டவட்டமாகவே சொல்ல முடியும். அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் நம் பிள்ளைகள் இரண்டு வருடத்தையும் பல லட்சங்களையும் இழப்பதுதான் வேதனை.

ரேங்க் மட்டுமே பேசும் இடம்

முதலில் நம் ஊர் நிலவரம். 2017 சேர்க்கையிலிருந்து, எய்ம்ஸ் போன்ற ஒரு சில நிறுவனங்கள் நீங்கலாக, எம்.டி.எஸ். இடங்களுக்கு நாடு முழுவதற்கும் நீட் எம்.டி.எஸ். என்ற ஒரே தேர்வுதான். 240 வினாக்கள், 3 மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று கழியும். மொத்தம் 960. அதில் கிடைக்கும் ரேங்க், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, காலியாக உள்ள இடம் ஆகியவற்றை வைத்துக் கவுன்சிலிங் நடக்கிறது. நேர்முகத் தேர்வு கிடையாது. 'ஏன் இந்தத் துறை?' என்று யாரும் கேட்பதில்லை. எம்.பி.எச். முடித்ததற்கென்று ஒரு மதிப்பெண்கூடக் கூடாது.

கூடாதது மட்டுமல்ல, குறையவும் வாய்ப்பிருக்கிறது. மருந்தியல், நோய்க்குறியியல், பல் உருவவியல் எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தால்தான் தங்கும். முழு நேரமாக வேறொரு பட்டம் படிக்கும் இரண்டு ஆண்டுகளில் அவை நழுவிப்போகும். திரும்பி வந்து தேர்வு எழுதும்போது, அந்த வருடமே சி.ஆர்.ஐ. முடித்த, பாடம் கையோடு இருக்கிற மாணவரோடு போட்டி போட வேண்டும். எம்.டி.எஸ். சேர்ந்த பிறகு ஆய்வு முறையும் உயிர்ப்புள்ளியியலும் கைகொடுக்கும், ஆய்வேடு எழுதுவது சுலபமாகும் என்பது உண்மையே. ஆனால் அது உள்ளே நுழைந்த பிறகு கிடைக்கும் பலன். உள்ளே நுழைவதற்கான பலன் அல்ல.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது துறைகள். கிளிப் போடும் ஆர்த்தோவும், ரூட் கேனால் செய்யும் எண்டோவும் முதல் சுற்றுகளிலேயே நிரம்பிவிடும். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்திலும் வாய் நோய்க்குறியியலிலும் இடங்கள் தேங்கும். காலி இடங்கள் மிஞ்சியதால் தகுதி மதிப்பெண்ணையே இறக்கிய ஆண்டுகளும் உண்டு. சமூகத்தின் பல் நலத்தில் உண்மையான அக்கறை உள்ளவருக்கு எம்.டி.எஸ். வழியே திறந்திருக்கிறது. மூன்று ஆண்டு படித்தால் பல் மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கலாம். சிறப்பு மருத்துவர் என்ற அங்கீகாரமும் உண்டு. எம்.பி.எச். வேறு வகை. அது பல்லைத் தாண்டி, தொற்றுநோயியல், சுகாதாரத் திட்டங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று மற்ற மருத்துவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைக்கும். இரண்டும் நல்ல வழிகள். ஆர்த்தோ ஆசையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இடைக்காலத் தங்குமிடமாக எம்.பி.எச்.சைப் பிடிப்பதுதான் தவறு.

கோப்பைப் புரட்டும் இடம்

அமெரிக்காவில் முறையே வேறு. அங்கே 12 சிறப்புத் துறைகள் அங்கீகாரம் பெற்றவை. பல் மருத்துவ உரிமத்துக்கான தேசிய வாரியத் தேர்வின் முதல் பகுதிக்கு முன்பெல்லாம் மதிப்பெண் தருவார்கள். ஆர்த்தோ போன்ற துறைகள் அந்த எண்ணை வைத்தே விண்ணப்பங்களை வடிகட்டின. 2012-இல் அது தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் சொல்லும் தேர்வாயிற்று. 2020-இல் வந்த ஐ.என்.பி.டி.இ. என்ற ஒருங்கிணைந்த தேர்விலும் அதே நிலை. 2016 முதல் நடக்கும் ஏ.டி.ஏ.டி. தேர்வுக்கு மதிப்பெண் உண்டு என்றாலும் எல்லாத் துறைகளும் அதைக் கேட்பதில்லை. வாய், முக அறுவைத் துறைக்கு சி.பி.எஸ்.இ. என்ற அடிப்படை அறிவியல் தேர்வு தனியாக இருக்கிறது.

ஆக, ஒரே எண்ணை வைத்து ஆளை எடைபோட முடியாமல் போனதும், தேர்வுக்குழு கோப்பு முழுவதையும் புரட்ட வேண்டியதாயிற்று. டீன் அனுப்பும் படிவத்தில் உள்ள வகுப்புத் தரவரிசை, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வு அனுபவம், தன்விளக்கக் கடிதம், கடைசியில் நேர்முகம். இப்படிப்பட்ட கோப்பில் கூடுதல் பட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் சிறியது. முதுகலையில் வாங்கிய நல்ல மதிப்பெண் பல் மருத்துவப் படிப்பின் மதிப்பெண்ணை அழிக்காது. அதன் பக்கத்தில் போய் உட்காரும், அவ்வளவுதான். நடுத்தரமான கோப்பைக் கொஞ்சம் தூக்கிவிடும். கடைசி வரிசையில் இருப்பவரை முதல் வரிசைக்குக் கொண்டுவராது.

அந்தப் பட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்பது நேர்முகத்தில் தெரிந்துவிடும். 'நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி என்ன? அதில் உங்கள் பங்கு என்ன?' இரண்டே கேள்விகள் போதும். பள்ளிக் குழந்தைகளின் பல் சொத்தை பற்றி ஆய்வு செய்ததாகச் சொல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாய்க்கண்ணாடியோடு வகுப்பறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொத்தையான பல் எத்தனை, எடுத்த பல் எத்தனை, அடைத்த பல் எத்தனை என்று தானே எண்ணிக் குறித்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். கறைக்கும் சொத்தைக்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் திணறிய பல், தான் எழுதிய எண்ணும் இன்னொருவர் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாத நாள், அதைச் சரிசெய்ய மறுபடி பயிற்சி எடுத்தது என்று பேச்சு தானாக வரும். சான்றிதழுக்காக மட்டும் படித்தவர் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார்.

நம் பி.டி.எஸ். பட்டதாரிகள் பலர் அமெரிக்கா போய் முதலில் எம்.பி.எச். சேர்கிறார்கள். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் அந்நாட்டுப் பல் மருத்துவப் பட்டம் தரும் 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' இடத்துக்கு அது படிக்கட்டாகும் என்பது எதிர்பார்ப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்கும். நம்மை நேரில் அறிந்த பேராசிரியர் கடிதம் எழுதுவார். தேர்வுக்குப் படிக்க அவகாசமும் கிடைக்கும். ஆனால் எம்.பி.எச். பட்டத்தை வைத்து அங்கே ஒரு நோயாளியின் வாயில் கை வைக்க முடியாது. பல கல்லூரிகள் செய்முறைத் தேர்வும் வைக்கின்றன. மாதிரித் தாடையில் உள்ள பிளாஸ்டிக் பல்லைக் கிரவுனுக்குத் தயார் செய்ய வேண்டும். சுவர்களின் சாய்வு சரியாக இருக்க வேண்டும், விளிம்பு சீராக ஓட வேண்டும், பக்கத்துப் பல்லில் கீறல் விழக் கூடாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் ஹேண்ட்பீஸ் பிடிக்காத கை அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டமே நிபந்தனையாகும் இடம்

இன்னொரு பட்டம் இல்லாமல் உள்ளே போகவே முடியாத துறைகளும் உண்டு. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவச் சிறப்பாளர் ஆவதற்கு எம்.பி.எச். அல்லது அதற்கு நிகரான பட்டம் வேண்டும். பிரிட்டனில் வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணராக விரும்புபவர் பல் மருத்துவம், பொது மருத்துவம் இரண்டிலும் பட்டம் பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் அதே துறைக்கு நான்கு ஆண்டுப் பயிற்சியும் உண்டு, எம்.டி. பட்டத்தையும் சேர்த்துத் தரும் ஆறு ஆண்டுப் பயிற்சியும் உண்டு. ஆராய்ச்சியாளராக விரும்புபவருக்குப் பிஎச்.டி.யோடு இணைந்த திட்டங்கள் இருக்கின்றன.

இந்த இடங்களில் எல்லாம் பட்டத்தைக் கேட்பது அந்த வேலைதான். வரஸ்தாத் கஸன்ஜியன் வாழ்க்கை இதற்குச் சான்று. இளம் வயதில் அமெரிக்காவில் குடியேறிய ஆர்மீனியர் அவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஹார்வர்டில் பல் மருத்துவம் படித்து 1905-இல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில், தாடை சிதறி வந்த சிப்பாய்களின் முகங்களைக் கம்பியாலும் பொருத்துகளாலும் மீட்டுக் கொடுத்துப் புகழ் பெற்றார். புகழின் உச்சியில் ஊர் திரும்பியவர் மறுபடி ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்து 1921-இல் எம்.டி. பட்டம் வாங்கினார். முகத்தைச் சீரமைக்கும் வேலைக்குப் பல் மருத்துவம் மட்டும் போதாது என்பதைப் போர்முனை அவருக்குக் காட்டியிருந்தது. பின்னாளில் ஹார்வர்டின் முதல் பிளாஸ்டிக் அறுவைப் பேராசிரியர் ஆனார்.

நம் பக்கத்திலும் அப்படி அழைக்கும் வேலை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் காவிக்கறை படிந்த தலைமுறைகள் அங்கே வளர்ந்தன. கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் ஒரு நேரத்தில் ஒருவர் பல்லைத்தான் சரிசெய்ய முடியும். காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், நோயின் ஊற்றுக்கண்ணையே அடைக்க முயன்றது. எந்த ஊரில், எந்தக் கிணற்றில், எந்த வயதில் பாதிப்பு என்று அளந்து சொல்லும் படிப்புதான் பொதுச் சுகாதாரம். அந்த வேலையில் மனம் உள்ள பல் மருத்துவருக்கு எம்.பி.எச். ஒரு கூடுதல் பட்டமே அல்ல. அதுதான் அவருடைய தொழில்.

பணமும் வயதும்

செலவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அமெரிக்காவில் கடன் வாங்கிப் பல் மருத்துவம் படித்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் கடனோடு வெளியே வருகிறார்கள். அதன்மேல் எம்.பி.எச். என்றால் குறைந்தது 42 கிரெடிட்டுக்குக் கட்டணம், ஓராண்டாவது வருமான இழப்பு. அங்கே முக அறுவைப் பயிற்சியில் இருப்பவருக்கு மருத்துவமனை சம்பளம் தரும். ஆர்த்தோ பயிற்சிக்கோ பல இடங்களில் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். பல சிறப்புப் பயிற்சிகள் சான்றிதழோடு எம்.எஸ். பட்டத்தையும் சேர்த்தே தருகின்றன. பயிற்சிக்குள்ளேயே கிடைக்கப்போகும் பட்டத்தை முன்கூட்டி விலை கொடுத்து வாங்குவதில் என்ன லாபம்? 2025-இல் வந்த சட்டம், 2026 ஜூலை முதல் அங்கே மாணவர்களுக்கான அரசுக் கடனுக்கும் உச்சவரம்பு விதித்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கடன் முதலிலிருந்தே கிடையாது. பெரிய தொகை என்றால் வீட்டுப் பத்திரம்தான் வங்கிக்குப் போகிறது.

எனவே விண்ணப்பம் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். நான் போக விரும்பும் துறையில் ஆளைத் தேர்ந்தெடுப்பது எது: ரேங்க்கா, கோப்பா, பட்டமா? என் கோப்பில் உண்மையில் எது குறைவு? மதிப்பெண் குறைவென்றால் படிப்பு வேண்டும். கைத்திறன் குறைவென்றால் கிளினிக் வேண்டும். ஆய்வு அனுபவம் குறைவென்றால் கல்லூரியிலேயே ஒரு பேராசிரியரோடு சேர்ந்து ஓர் ஆய்வை முடிக்கலாம். கடைசியாக, நான் ஆசைப்படும் சிறப்புத் துறை எனக்குக் கிடைக்காமலே போனாலும் இந்தப் பட்டத்தை வைத்து நான் மனநிறைவோடு வேலை செய்வேனா? இதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். 'இல்லை' என்றால் அந்தப் பணத்தையும் ஆண்டுகளையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சி.ஆர்.ஐ. ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு மாணவரோடும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ரேங்க் வந்த இரவில், ஏமாற்றத்தின் சூட்டில் எடுக்கும் முடிவுக்கு அவர்களை விட்டுவிடக் கூடாது. ஐந்து ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு ஆறாவது ஆண்டைப் பற்றி வழிகாட்டும் கடமையும் இருக்கிறது.