பிள்ளையின் போன் மெசேஜ்: பெற்றோர் எதுவரை பார்க்கலாம்?

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள். "யாருகூட சாட் பண்ற?" என்றால், "ஃபிரண்டும்மா" என்று ஒரே வார்த்தை. அவள் தூங்கிய பிறகு போனை எடுத்துப் பார்க்கலாமா?

உரிமை இருக்கா என்று கேட்டால், பொறுப்பு உங்களுடையதுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தை என்றே சொல்கிறது. ஆனால் ரகசியமாகப் பார்த்தால் ஒருநாள் தெரிந்துவிடும். உடனே லாக் மாறும், சாட் அழியும், வேறொரு ஐடி முளைக்கும். பிறகு யாராவது உண்மையிலேயே மிரட்டினால், அதை உங்களிடம் சொல்ல மாட்டாள். "வீட்ல சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க" என்கிற இந்தப் பயத்தைத்தான் மிரட்டுபவனும் நம்பியிருக்கிறான்.

அதனால் சொல்லிவிட்டே பாருங்கள். "நீ யார்கூடப் பேசுறேன்னு எனக்குத் தெரியணும். என்ன பேசுறேன்னு தினமும் உட்கார்ந்து படிக்க மாட்டேன். ஏதாவது தப்பா பட்டா, உன்னை வச்சுக்கிட்டேதான் பார்ப்பேன்." இப்படிப் போன் கொடுக்கும் அன்றே பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செயலிகளும் ஏறக்குறைய இந்த அளவில்தான் நிற்கின்றன. கூகுள் ஃபேமிலி லிங்க் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று காட்டும், புதுச் செயலி இறக்க உங்கள் அனுமதியைக் கேட்கும், மெசேஜைக் காட்டாது. இன்ஸ்டாகிராமின் டீன் கணக்கில் பெற்றோர் கண்காணிப்பை இணைத்தால், கடந்த 7 நாளில் யாருடன் பேசினாள் என்று தெரியும், பேசியது தெரியாது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வைத்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் குரூப்பில் சேர்க்க முடியாது.

"பிள்ளையின் எல்லா சாட்டையும் உங்க போன்லயே படிக்கலாம்" என்று வரும் விளம்பரங்களில் விழாதீர்கள். பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே ஃபைலாக வரும் இவை, திரையில் தெரிவதையெல்லாம் படிக்கும் அனுமதியைக் கேட்கும். அந்தப் போனுக்கு வரும் ஓடிபியும் அதில் அடக்கம். வேவு பார்க்கப் போய் வங்கிக் கணக்கையே திறந்து கொடுத்த கதையாகிவிடும்.

எப்போது உள்ளே பார்க்கத்தான் வேண்டும்? நேரில் பார்த்திராத ஒருவர் "படிச்சுட்டு டெலிட் பண்ணிடு" என்கிறார், போட்டோ கேட்கிறார், கேமுக்கு ரீசார்ஜ் செய்து தருகிறார், வேறு செயலிக்கு வரச் சொல்கிறார். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அந்த எண், ஐடி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். ஆபாசப் படம் இருந்தால் அதை மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ "பாருங்க" என்று அனுப்பவே கூடாது. குழந்தையின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். போனை அப்படியே போலீசாரிடம் காட்டினால் போதும்.

பணம் போயிருந்தால் உடனே 1930. மற்றபடி தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலும் பதிய வழி உண்டு. 1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையே இரவிலும் இலவசமாக அழைக்கலாம். அதை அவள் போனில் இன்றே சேமித்து வையுங்கள்.

"ஸ்டேஷனுக்கெல்லாம் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று தயங்குபவர்களுக்கு: போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பெறலாம். வரும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. கூடியவரை பெண் உதவி ஆய்வாளராக இருக்க வேண்டும். பெற்றோரோ, அவள் நம்பும் ஒருவரோ பக்கத்திலேயே இருக்கலாம்.