அருவிக் கரை ஆளுக்கா, காருக்கா? குற்றாலத்தில் சீசன்தோறும் இடத் தகராறு

"அண்ணாச்சி, வண்டியை எங்க போடுறது?"

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு காரில் வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். அருவியில் தண்ணீர் எப்படி என்பதெல்லாம் அப்புறம்!

தென்காசியில் இருந்து குற்றாலம் 5 கிலோ மீட்டர்தான். சாதாரண நாளில் டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் இறங்கி விடலாம். சாரல் அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கதையே வேறு. கார், வேன், டூரிஸ்டு பஸ் என்று வரிசை நகராமல் நிற்கும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து போகிறவர் காரை முந்தி விடுவார்.

பேரருவிக்கு முன்னால் இருக்கிற இடம் எவ்வளவு? ஒரு பக்கம் குற்றாலநாதர் கோவில். இன்னொரு பக்கம் சிற்றாறு. நடுவில் சிப்ஸ் கடை, பழக்கடை, துண்டு வியாபாரம், எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள், ஈரப் புடவையோடு ஒதுங்க இடம் தேடும் பெண்கள். எல்லாம் இந்த கையளவு இடத்துக்குள்தான். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோவில் பக்கத்தில் இருந்த தற்காலிக கடைகள் தீப்பிடித்து எரிந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. இதற்கு மேல் காருக்கும் இங்கேயே இடம் வேண்டும் என்றால் எங்கே போவது?

காரில் வருகிறவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கைக்குழந்தை, முழங்கால் வலியோடு பாட்டி, மாற்றுத் துணி மூட்டை. இத்தனையும் சுமந்துகொண்டு 2 கிலோ மீட்டர் நட என்றால் யார் நடப்பார்? கடைக்காரர்களுக்கோ வேறு கவலை. வண்டி தூரத்தில் நின்றால் ஆள் அப்படியே திரும்பி விடுவான், சிப்ஸ் பொட்டலம் விற்காது. இந்த மூன்று மாத வியாபாரம்தான் பலருக்கு வருஷ சாப்பாடு.

ஓட வழி வேண்டும்

ஆனால் இது வெறும் நெரிசல் விவகாரம் இல்லை. உயிர் விவகாரம்.

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. வெள்ளிக்கிழமை. சீசன் கூட தொடங்கவில்லை; கோடை மழைதான். பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டு இருந்தார்கள். மலைக்கு மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. அலறி அடித்துக்கொண்டு படிகளில் ஏறி ஓடினார்கள். 17 வயது சிறுவன் ஒருவன் வெள்ளத்தோடு போய்விட்டான். பிணமாகத்தான் மீட்டார்கள்.

குற்றாலத்தின் குணமே அது. கீழே வெயில் அடிக்கும், மேலே கொட்டிக்கொண்டு இருக்கும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவை தாண்டியதும் போலீஸ் தடை போடும். அருவிக்கு அடியில் நிற்கிற கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும். அந்த வழியில் குறுக்கும் நெடுக்குமாக கார் நின்றால்? ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்?

பார்க்கிங் திட்டம் என்றதும் எத்தனை வண்டி நிறுத்தலாம் என்றுதான் கணக்கு போடுகிறார்கள். அருவிக் கரையில் போட வேண்டிய கணக்கு வேறு: பத்தே நிமிடத்தில் எத்தனை பேர் வெளியேற முடியும்? வண்டிக் கட்டணம் உள்ளாட்சிக்கு வருமானம், குத்தகைக்காரருக்கு லாபம். வண்டி குறைய வேண்டும் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்? 2024 சம்பவத்துக்கு பிறகு பழைய குற்றாலத்தை வனத்துறையிடம் விடலாம் என்று பேச்சு எழுந்தது. உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. அருவி யார் கையில் என்பதில் காட்டிய வேகத்தை வண்டி எங்கே நிற்கும் என்பதில் காணோம்.

பம்பையில் நடந்தது

வெகுதூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் சபரிமலையை பாருங்கள். பம்பை ஆற்றங்கரையிலேயே வாகனங்களை நிறுத்திக்கொண்டு இருந்தார்கள். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளம் அந்த இடத்தையே புரட்டிப் போட்டது. அதன் பிறகு வண்டிகளை 20 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி, நிலக்கல்லில் நிறுத்த வைத்தார்கள். அங்கிருந்து கேரள அரசு பஸ் தொடர்ந்து ஓடுகிறது. முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது. அங்கே நல்ல பிள்ளையாக பஸ் மாறுகிற அதே சாமிகள், திரும்பும் வழியில் குற்றாலத்துக்கு வந்தால் அருவி வாசல் வரை வண்டியில்தான் போகிறார்கள்!

ஊட்டி, கொடைக்கானலுக்கு ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. குற்றாலத்துக்கு அது சரிப்படாது. இங்கே யாரும் மாசக்கணக்கில் திட்டம் போட்டு வருவதில்லை. காலையில் தண்ணீர் விழுகிறது என்று காதில் விழுந்தால், மத்தியானம் சங்கரன்கோவில்காரரும் ராஜபாளையத்துக்காரரும் அருவிக்கு அடியில் நிற்பார்கள்.

ஆக, வழி பஸ்தான். சீசன் சனி, ஞாயிறுகளில் கார்களை தென்காசி பக்கமும் இலஞ்சி பக்கமும் ஊருக்கு வெளியே நிறுத்தட்டும். அங்கிருந்து பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றுக்கும் மினி பஸ் விடட்டும். வயதானவர்களையும் ஊனமுற்றவர்களையும் கொண்டு வரும் வண்டி கிட்டே வந்து இறக்கிவிட்டு திரும்பிப் போகட்டும். உள்ளூர் ஆட்டோக்காரர் பிழைப்பையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பஸ் சாயங்காலம் 6 மணியோடு நின்றால் திட்டம் ஒரே வாரத்தில் படுத்துவிடும். ராத்திரிக் குளியலுக்கு என்றே பேரருவிக்கு வருகிறவர்கள் ஏராளம். நனைந்த துணியோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற குடும்பத்துக்கு அரை மணி நேரம் பஸ் வராவிட்டால் அடுத்த முறை காரைத்தான் எடுப்பார்கள். நாலு பேர் பஸ்சில் போய் வர ஆகும் செலவு, பார்க்கிங் கட்டணத்தை விட ஒரு ரூபாயாவது குறைவாக இருக்க வேண்டும்.