முப்பது மீட்டர் புல்வெளி

தெலுக் இந்தானிலிருந்து பேராக் ஆற்றோடு மேலே போனால் பாசிர் சாலாக் வரும். 1875 நவம்பர் 2ஆம் தேதி, பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் அங்கே ஆற்றில் மிதந்த குளியலறைக்குள் இருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தப்படி அவர் சுல்தானுக்கு ஆலோசகர். ஆனால் சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக எல்லாவற்றிலும் அவர் சொன்னபடிதான் நடக்க வேண்டும். தூதர் வேடத்தில் வந்த எஜமானர் என்பேன். கோபத்தில் கொதித்த ஊருக்கும் அவருக்கும் நடுவே இருந்தது மெல்லிய ஓர் அடைப்புதான்.

நூறு ஆண்டு கழித்து, 1975 ஆகஸ்டில், கோலாலம்பூர் ஏஐஏ கட்டடத்தில் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குள் ஜப்பானிய செம்படை என்ற தீவிரவாதக் குழுவினர் துப்பாக்கியோடு நுழைந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்தார்கள். பலரும் வந்துபோகும் அடுக்குமாடியில் தூதரகம் வைத்தால் வாசலைக் காப்பது யார்?

1998இல் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்தபின், புதிய தூதரகக் கட்டடங்கள் எல்லைச் சுவரிலிருந்து சுமார் முப்பது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என அமெரிக்கா சட்டமே போட்டது. வெறும் புல்வெளி எதைத் தடுக்கும்? வெடிப்பின் அதிர்வலை நாலாபுறமும் விரியும்போது, அதன் சக்தி தூரத்தின் கன அளவுக்கு ஏற்பப் பங்கு போடப்படுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்தைத் தர எட்டு மடங்கு வெடிமருந்து வேண்டும். மூன்று மடங்கானால் இருபத்தேழு. காரில் கொண்டுவந்ததை லோரியில் ஏற்ற வேண்டியதுதான். லோரியை வாசலில் மறிப்பது எளிது.

1959இல் எட்வர்ட் ஸ்டோன் புதுடில்லியில் கட்டிய அமெரிக்கத் தூதரகத்துக்கு இந்தக் கவலை கிடையாது; அன்றைக்கு எதிரி வெயில்தான். சுற்றிலும் துளைபோட்ட ஜாலிச் சுவர் வெயிலை வடிகட்டிக் காற்றை உள்ளே விட்டது, நடுவே நீர்த்தோட்டம். லண்டனில் 2018இல் திறந்த தூதரகத்திலும் குளம் உண்டு. அழகுக்கு மட்டுமல்ல, வண்டியை மறிக்கவும்தான்.

தூதரகத்துக்குள் கால் வைத்தால் அந்நிய மண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிடையாது, மண் மலேசியாவுடையதே. தூதர் சம்மதமின்றி நம் போலீஸ் உள்ளே போகக்கூடாது என்பதுதான் 1961 வியன்னா ஒப்பந்தம் சொல்வது. தீப்பிடித்தால்? துணைத் தூதரகம் என்றால் சம்மதம் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1963 ஒப்பந்தம். தூதரகத்துக்கு அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. பொம்பா வண்டி வாசலில் நின்று கேட்க வேண்டும். 1977இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகம் எரிந்தபோது, தீயணைப்பு உடுப்பில் உளவாளிகளும் ஏறிவந்தார்கள் என்று அமெரிக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள்.