கம்ப்யூட்டர் லேபின் பசுமைக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு கம்ப்யூட்டரின் முழு ஆயுளையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். டெல் ஆலை 2007 முதல் இங்கே கம்ப்யூட்டர்களை அசெம்பிள் செய்கிறது. பென்னலூர், தண்டலம் என்று அதே நெடுஞ்சாலையோரம் பொறியியல் கல்லூரிகள். ஓய்ந்துபோன மெஷின்களைப் பிரிக்கும் மறுசுழற்சி ஆலையும் இதே தாலுகாவில் உண்டு.

கல்லூரிகளில் பசுமை வளாகம் என்றால் மரக்கன்றும், மானிட்டரை அணைக்கச் சொல்லும் ஸ்டிக்கரும்தான். அணைப்பது நல்லதே. ஆனால் பெரிய சேதம் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2004-ல் கணக்கிட்டது: ஒரு டெஸ்க்டாப்பையும் 17 அங்குல டப்பா மானிட்டரையும் தயாரிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர். இன்றைய லேப்டாப் இளைத்திருக்கிறது. ஆனாலும் அதன் கார்பன் கணக்கில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே ஏறிவிடுகிறது என்று உற்பத்தியாளர்களின் அறிக்கைகளே சொல்கின்றன. ஆகவே நாலு வருடத்தில் கழிக்கிற மெஷினை ஏழு வருடம் ஓட்டுவதுதான் ஒரு கல்லூரி செய்யக்கூடிய பெரிய காரியம்.

அது முடியாததல்ல. மந்தமாகிவிட்ட சிபியுவைத் திறந்து பாருங்கள். ஃபேனில் தூசு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், பழைய ஹார்ட் டிஸ்க். தூசு தட்டி, பேஸ்ட் மாற்றி, ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமை எட்டு ஜிபி ஆக்கினால் சி, பைத்தான் வகுப்புகளுக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது. அதைக் காரணம் காட்டி லேப் லேபாகக் கண்டம் செய்வது அநியாயம். லினக்ஸ் இருக்கிறது. அரசின் இலவச லேப்டாப்களில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வந்ததே!

கழித்தே ஆகவேண்டுமென்றால், 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள் தெளிவாக இருக்கின்றன. குறைந்தது ஆயிரம் மின்சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே கழிவைத் தரவேண்டும். கூடுதல் விலை சொன்னார் என்று காயலான் கடைக்காரருக்கு ஏலம்விட்டால், செம்புக்காக ஒயர் எரியும். அந்தப் புகையை யாரோ ஒரு தொழிலாளி சுவாசிப்பார்.

தமிழக அரசு இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதலில் வாங்குபவர் கேட்பதை விற்பவர் தந்துதான் ஆகவேண்டும். அரசும் கல்லூரிகளும் டெண்டரிலேயே கேட்கட்டும்: ஐந்தாண்டு வாரண்டி, மாவட்டந்தோறும் பேட்டரியும் உதிரிபாகமும், கடைசியில் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு.